இரண்டு கார், ஒரு சாவி

பள்ளி நோட்டு ஒன்றின் நடுப்பக்கத்தில் ஒரு கோடு போட்டேன். இடது பக்கம் ‘மைவி’, வலது பக்கம் ‘ஐரிஸ்’. 2022-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இருந்து ஜூன் வரை அந்த நோட்டு என் கைப்பையிலேயே கிடந்தது.

நான் கோலாலம்பூரில் ஒரு வானொலியில் காலை நிகழ்ச்சி படைக்கிறேன். “இந்தப் பாட்டா, அந்தப் பாட்டா, எது வேண்டும்?” என்று நேயர்களிடம் தினமும் கேட்பது என் வேலை. அவர்கள் இரண்டே விநாடியில் பதில் சொல்லிவிடுவார்கள். எனக்குத்தான் இரண்டு சின்னக் கார்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க அரை வருடம் ஆனது. ‘வாங்கினோமா, ஓட்டினோமா’ என்று போக வேண்டிய விஷயத்துக்கு ஏன் இவ்வளவு நாள் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அது என் முதல் புதுக் கார். முப்பத்து நான்கு வயது வரை ரயிலிலும் தோழிகளின் காரிலும் காலத்தை ஓட்டிவிட்டு, மாதா மாதம் ஒதுக்கிச் சேர்த்த முன்பணம். அதனால்தான் அத்தனை கவனம்.

கஞ்சில் வந்த கதை

எங்கள் வீடு கெடாவில் சிடாம் கிரியில் இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட பிறகு லயத்தை விட்டு வெளியே வந்து, மலிவு விலை வீடொன்றில் குடியேறினோம். அப்பா சுங்கைப் பட்டாணியில் ஒரு தொழிற்சாலைக்கு ஜாகா வேலைக்குப் போனார். ஆரம்பத்தில் மோட்டாரில் போய் வந்தார். மழைக்காலத்தில் இரவு வேலை முடிந்து நனைந்தபடி வருவதைப் பார்த்து அம்மா ஒரு நாள் சத்தம் போட, 2004-இல் வீட்டுக்கு ஒரு பழைய கஞ்சில் வந்தது.

பெரோடுவா நிறுவனம் 1993-இல் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஆகஸ்டு மாதம் அதன் முதல் காராகச் சாலைக்கு வந்தது கஞ்சில். 660 சிசி, மூன்று சிலிண்டர், ஐந்து கதவு. ‘கஞ்சில்’ என்றால் சருகுமான். ஆற்றில் முதலைகளை வரிசையாக நிற்க வைத்து, அவற்றின் முதுகில் ஏறி அக்கரைக்குப் போன புத்திசாலிச் சருகுமான் கதையை மலேசியாவில் படிக்காத பிள்ளை இல்லை. பெயருக்கேற்ற கார்தான். எங்களைப் போல் தோட்டத்தை விட்டு வந்த எத்தனையோ குடும்பங்களை அக்கரைக்குக் கொண்டு சேர்த்தது அது.

எங்கள் கஞ்சிலுக்கு ஏர்கோன் பாதி நாள் வேலை செய்யாது. வானொலி எப்போதுமே வேலை செய்யாது. பவர் ஸ்டீரிங் கிடையாது. ஆனாலும் என்னைப் பரீட்சைக்குக் கொண்டு போனதும், தம்பியைக் காய்ச்சலோடு பொது மருத்துவமனைக்குத் தூக்கிப் போனதும், தைப்பூசத்துக்குப் பினாங்கு வரை எங்கள் நான்கு பேரையும் இரண்டு பாய்களையும் ஒரு பெரிய சோற்றுப் பாத்திரத்தையும் சுமந்து போனதும் அதுதான். 2009-இல் கஞ்சில் தயாரிப்பு நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் மட்டும் அது ஓடிக்கொண்டே இருந்தது.

2021-இல் அப்பாவுக்கு டயாலிசிஸ் தொடங்கியது. பல வருட இனிப்பு நீர் சிறுநீரகத்தைத் தின்றுவிட்டிருந்தது. திங்கள், புதன், வெள்ளி. ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். ஊசி குத்த வசதியாக இடது கையில் இரத்தக் குழாய்களை இணைத்து அறுவை சிகிச்சை செய்திருந்தார்கள். அந்தக் கையில் பாரம் தூக்கக் கூடாது, இரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, இறுக்கமாக எதையும் கட்டக் கூடாது என்று தாதி சொல்லி அனுப்பினார்.

நம் நாட்டுக் காரில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்காருகிறார். கியர் இடது கைக்கு. அப்பா ஊசி எடுத்த இடத்தில் பஞ்சு ஒட்டிய அதே கையால் ஒவ்வொரு சந்திப்பிலும் கியர் மாற்றிக்கொண்டு வீடு வந்தார். இது எனக்குத் தெரிய ஐந்து மாதம் ஆயிற்று.

நோட்டில் இருந்த கணக்கு

அதனால்தான் கார் வாங்க முடிவு செய்தேன். ஆட்டோ கியர், சின்ன ஹேட்ச்பேக், என் சம்பளத்துக்குள் அடங்குவது. ‘நான் வாங்குகிறேன், வாரக் கடைசியில் ஓட்டிக்கொண்டு வருகிறேன், அப்பாவை நானே கூட்டிப் போகிறேன்’ என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் மிஞ்சியவை இரண்டு: பெரோடுவா மைவி 1.3, புரோட்டோன் ஐரிஸ் 1.3.

மைவி முதலில் வந்தது 2005 மே மாதம். நான் பார்த்தது 2017-இல் வந்த மூன்றாம் தலைமுறை. 2021 இறுதியில் முகம் மாற்றி, பழைய நான்கு கியர் ஆட்டோவுக்குப் பதில் சிவிடி போட்டிருந்தார்கள். ஐரிஸ் 2014 செப்டம்பரில் அறிமுகமானது. அதுவும் சிவிடி. இரண்டுக்கும் ஆசியான் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம்.

நோட்டில் எழுத எழுத எனக்குச் சிரிப்பு வந்தது. மைவியின் இன்ஜின் 1,329 சிசி, ஐரிஸ் 1,332 சிசி. குதிரைத்திறன் இரண்டுக்கும் 94. இழுவிசை மைவிக்கு 121 நியூட்டன் மீட்டர், ஐரிஸுக்கு 120. நீளம் மைவி 3,895 மில்லிமீட்டர், ஐரிஸ் 3,905. வித்தியாசம் என் சுண்டு விரல் அகலம்கூட இல்லை. சாலை வரி இரண்டுக்கும் வருடத்துக்கு 70 வெள்ளி. ஒரே பிரசவத்தில் பிறந்து, வேறு வேறு வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் மாதிரி இருந்தன.

கொஞ்சம் வித்தியாசமும் இருந்தது. ஐரிஸ் விலையில் சில ஆயிரம் வெள்ளி குறைவு. உயரம் 35 மில்லிமீட்டர் கூடுதல். மைவியின் பூட் 277 லிட்டர், ஐரிஸ் பூட் 215 லிட்டர். மைவியை விற்கப் போனால் நல்ல விலை கிடைக்கும் என்று ஊரே சொன்னது.

ஊர் இன்னும் நிறையச் சொன்னது. கார் வாங்கப் போகிறேன் என்று வாய் திறந்தால் போதும், மலேசியாவில் எல்லாரும் நிபுணர்கள். “மைவி எடும்மா, கண்ண மூடிக்கிட்டு எடு” என்றார் மாமா. “ரோட்ல பத்து கார் போனா மூனு மைவி. நீயும் அதையே வாங்கணுமா?” என்றான் தம்பி. அலுவலகத்தில் ஒலிப்பதிவு அண்ணன், ஓடுதளத்தில் விமானத்தை மைவி முந்திப் போவதாக ஒரு கேலிப் படம் அனுப்பினார்.

இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், என் மனது ஐரிஸிடம் போய்விட்டது. வளைவில் திரும்பும்போது உடம்பு சாயாமல் தரையைப் பிடித்துக்கொண்டு போனது. ஸ்டீரிங் கையில் கனமாக, நம்பிக்கையாக இருந்தது. கோலாலம்பூரிலிருந்து சுங்கைப் பட்டாணி வரை வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் அதை ஓட்டிப் போவதைக் கற்பனை செய்துகொண்டே காட்சிக் கூடத்தை விட்டு வந்தேன். நிறம்கூட மனதில் முடிவாகிவிட்டது. சிவப்பு.

ஒரு புதன்கிழமை

மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை, நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்தபோது தம்பியிடமிருந்து அழைப்பு. அவன் பினாங்கில் தொழிற்சாலையில் மாற்று நேர வேலை செய்கிறவன். அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருக்க வேண்டியவன்.

“அக்கா, அப்பா உன்கிட்ட சொல்ல வேணாம்னு சொன்னாரு...” என்று ஆரம்பித்தான்.

முதல் நாள் டயாலிசிஸ் முடிந்து வரும் வழியில் அப்பாவுக்குக் கண் இருட்டியிருக்கிறது. உடம்பிலிருந்து அதிகம் நீர் எடுக்கும்போது இரத்த அழுத்தம் இறங்கிவிடும். அந்த மயக்கம் முடிந்த உடனேயே வர வேண்டும் என்பதில்லை, வழியிலும் வரும். எப்படியோ காரைச் செம்பனை ஓரமாக ஒதுக்கிவிட்டார். இருக்கையைச் சாய்த்துப் படுத்துக்கொண்டார். அரைமணி நேரம் கழித்து மோட்டாரில் போன ஒரு மலாய்ப் பையன் கண்ணாடியைத் தட்டி, “பக்சிக், ஒக்கேயா?” என்று கேட்டிருக்கிறான். அவன்தான் மோட்டாரைப் பூட்டி அங்கேயே போட்டுவிட்டு, கஞ்சிலை ஓட்டிக்கொண்டு வந்து அப்பாவை வீட்டில் சேர்த்தான். அவன் பெயரை யாரும் கேட்டு வைக்கவில்லை. அம்மா தேநீர் போட உள்ளே போனபோது, தன் மோட்டாரை எடுக்க நடந்தே போய்விட்டானாம்.

அன்று மாலை இ.டி.எஸ். ரயிலைப் பிடித்தேன். ரயிலில் அந்த நோட்டைத் திறந்தேன், பழக்க தோஷம். 94, 94. 121, 120. ஈப்போ தாண்டிய பிறகுதான் உறைத்தது. அப்பாவுக்கு டயாலிசிஸ் திங்கள், புதன், வெள்ளி. நான் வீட்டுக்கு வருவது சனி, ஞாயிறு.

மூன்று மாதமாக இரண்டு காரையும் எல்லா விதத்திலும் ஒப்பிட்டிருந்தேன். அதை யார் ஓட்டுவது என்ற ஒன்றை மட்டும் எழுதவில்லை. ஐரிஸோ மைவியோ, அது கோலாலம்பூரில் என் அடுக்குமாடிக்குக் கீழே நின்றுகொண்டிருக்கும்போது, அப்பா கஞ்சிலில் கியர் மாற்றிக்கொண்டிருப்பார். காரை ஊரில் விட்டு வந்தாலோ, புதுக் காரில் அதே மயக்கத்தோடு அவரே ஓட்டி வருவார். ஐந்து நட்சத்திரம் அவருடைய இரத்த அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்காது.

அம்மா சொன்ன பதில்

வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டு மக்சிக்கின் காரில் அப்பாவை அனுப்பிவிட்டு, சமையலறையில் உட்கார்ந்து பேசினோம். ஆள் வைக்கலாமா, வாடகைக் கார் பேசலாமா, தம்பி வேலையை மாற்றிக்கொள்ளலாமா, நான் விடுப்பு எடுக்கலாமா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனேன். வாரத்துக்கு ஆறு பயணம், வருடத்துக்கு முந்நூறுக்கு மேல். எதுவும் கணக்கில் நிற்கவில்லை. சிடாம் கிரியிலிருந்து பேருந்தை நம்பி டயாலிசிஸ் நேரத்துக்குப் போக முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டே, “நான் ஓட்டுனா என்ன?” என்றார்.

அம்மாவுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. வாழ்நாளில் ஓட்டியது ஒரு சைக்கிள். தோட்டத்தில் இரண்டு பக்கமும் பால் வாளி கட்டிக்கொண்டு, சேற்றில் சறுக்காமல் ஸ்டோர் வரை ஓட்டியவர். மோட்டார் லைசென்ஸ்கூட எடுத்ததில்லை. நான் உடனே பதில் சொல்லாமல் இருந்ததை அவர் கவனித்துவிட்டார்.

“பால் வாளி சிந்தாம ஓட்டுனேன். உங்கப்பாவ சிந்திருவேனா?”

மாலை அப்பா வந்ததும் சொன்னோம். அவர் கோபப்படுவார் என்று நினைத்திருந்தேன். கோபமே படவில்லை. “சரிலா, பாப்போம்” என்று சொல்லிவிட்டு வெளியே போய் கஞ்சிலைத் துடைக்க ஆரம்பித்தார். அரைமணி நேரம் துடைத்தார். கார் சாவி கூடத்துச் சுவரில் ஓர் ஆணியில் தொங்கும். அதற்கு மேல் சாமி படம். பதினெட்டு வருடமாக அந்தச் சாவியை அவரைத் தவிர யாரும் எடுத்ததில்லை. எனக்குக்கூட அவர் கஞ்சிலைக் கொடுத்ததில்லை. பணத்தை விட, உடம்பை விட, அந்தச் சாவியை விட்டுக்கொடுப்பதுதான் அவருக்குப் பெரிய விஷயம் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அதற்கு என் நோட்டில் இடமில்லை.

ஏப்ரலில் அம்மா சுங்கைப் பட்டாணியில் ஒரு பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். ஆட்டோ கார் மட்டும் ஓட்ட அனுமதிக்கும் ‘டி.ஏ.’ பிரிவு. கணினியில் எழுதும் சட்டத் தேர்வுக்கு நானும் தம்பியும் தொலைபேசியில் மாறி மாறிக் கேள்வி கேட்டோம். அம்மாவின் மலாய் பேச்சு மலாய், புத்தக மலாய் அல்ல. ஆனாலும் முதல் முறையே தேறிவிட்டார்.

மறுபடியும் நோட்டு

ஜூன் மாதம் நெருக்கடி வந்தது. உள்நாட்டில் பொருத்தப்படும் கார்களுக்கான விற்பனை வரி விலக்கு அந்த மாதம் 30-ஆம் தேதியோடு முடிவதாக அறிவிப்பு. அதற்குள் பதிவு செய்துகொண்டால், காரை 2023 மார்ச் 31-க்குள் சாலைப் பதிவு செய்தால் போதும் என்றார்கள். நாடே காட்சிக் கூடங்களில் வரிசை பிடித்து நின்றது. நாங்களும் நின்றோம். இந்த முறை அப்பா, அம்மா, நான், மூவரும்.

அதே இரண்டு கார். பார்த்த கண்தான் வேறு.

நான் முன்பு ஓட்டுநர் இருக்கையில் மட்டும்தான் உட்கார்ந்து பார்த்திருந்தேன். அப்பா இடப்பக்க இருக்கையில் ஏறி இறங்கிப் பார்த்தார். ஒரு முறை அல்ல, ஐந்து முறை. டயாலிசிஸ் முடிந்து வருகிறவருக்கு ஏறுவதை விட இறங்குவதுதான் கஷ்டம். எந்தக் கையை எங்கே ஊன்றுவது, தலை எங்கே இடிக்கும், முழங்கால் எவ்வளவு மடங்கும் என்று பார்த்தார். “இது கொஞ்சம் ஒசரம், நல்லாத்தான் இருக்கு” என்று ஐரிஸுக்கு ஒரு மதிப்பெண் கொடுத்தார். மைவியிலும் இறங்கிவிட்டு, “இதுவும் பரவால்ல” என்றார்.

அம்மா மைவியில் உட்கார்ந்து கையை ஸ்டீரிங்கில் வைத்தார். பள்ளியில் அவர் பழகியது அதே நிறுவனத்தின் ஆக்சியா. சிக்னல் குச்சியைத் தேடாமலே அவர் கை அங்கே போனது. பிறகு பின்னால் வந்து பூட்டைத் திறக்கச் சொன்னார். இரண்டு கையையும் விரித்து, உள்ளே நுழைத்து, முழத்தால் அளந்தார். ஐரிஸிலும் அதே மாதிரி அளந்தார்.

“சாமான் வாங்கவாம்மா?” என்று கேட்டேன்.

“ஆமா” என்றார், என்னைப் பார்க்காமல்.

திரும்பும் வழியில் அப்பா தூங்கிய பிறகு மெல்லச் சொன்னார். “சென்டர்ல பாத்தேன். சில பேருக்கு வீல்சேர் மடிச்சு வெக்க வேண்டியிருக்கு.”

277, 215. அந்த 62 லிட்டர் வித்தியாசத்தை ஜனவரியிலேயே எழுதி வைத்திருந்தவள் நான். அதற்கு அர்த்தம் தெரிந்திருந்தவர் அம்மா.

இன்னும் இரண்டு காரணம் உண்டு. பக்கத்து வீட்டு மக்சிக் ஓட்டுவது மைவி. லைசென்ஸ் கிடைத்த பிறகு மாலையில் கூட உட்கார்ந்து பழக்கிவிடுவதாகச் சொல்லியிருந்தார். ஏதாவது விளக்கு எரிந்து அம்மா பதறினால், கேட்பதற்கு நாலு அடியில் ஆள் இருக்கிறது. அடுத்தது, எங்கள் கஞ்சிலை இத்தனை வருடம் பார்த்துக்கொண்ட போர்மேன். “ரெண்டுமே நான் பாப்பேன் தங்கச்சி. ஆனா மைவின்னா சாமான் என் கடையிலயே இருக்கு” என்றார். நான் கோலாலம்பூரில் இருந்தால் அது ஒரு காரணமே இல்லை. திங்கட்கிழமை விடியற்காலையில் டயாலிசிஸ் போக வேண்டிய வீட்டுக்கு அது பெரிய காரணம்.

மைவிக்குப் பதிவு செய்தோம். சிவப்பு கிடைக்க இன்னும் நாளாகும் என்றார்கள். கிடைக்கிற நிறம் போதும் என்றேன்.

ஐரிஸ் மோசமான கார் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்காக மட்டும் வாங்கியிருந்தால் இன்றைக்கும் அதைத்தான் வாங்கியிருப்பேன். வாரா வாரம் நெடுஞ்சாலையில் போகிறவருக்கு, வளைவில் பிடிமானம் பிடிக்கிறவருக்கு, சில ஆயிரம் வெள்ளி மிச்சமாக வேண்டும் என்கிறவருக்கு அது நல்ல தேர்வு.

வாங்கப் போகிறவர்களுக்கு

என் அனுபவத்தில் மூன்று விஷயத்தைச் சொல்லலாம்.

ஒன்று, கடன். விற்பனையாளர் முதலில் சொல்வது மாதத் தவணையைத்தான். ஒன்பது வருடம் என்றால் தொகை சின்னதாகத் தெரியும். 42,000 வெள்ளிக் கடன், நிலையான வட்டி 3 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது வருடத்துக்கு மாதம் ஏறக்குறைய 494 வெள்ளி, மொத்த வட்டி 11,340. ஏழு வருடத்துக்கு மாதம் 605 வெள்ளி, மொத்த வட்டி 8,820. வித்தியாசம் 2,520 வெள்ளி. நான் ஏழு வருடம் எடுத்தேன். முடியாதவர்கள் ஒன்பது எடுப்பதில் தவறில்லை. ஆனால் இரண்டு காரின் விலை வித்தியாசத்துக்காக ஒரு மாதம் அலைந்துவிட்டு, இந்த வித்தியாசத்தை ஒரு நிமிடத்தில் கையெழுத்துப் போட்டு விட்டுவிடாதீர்கள்.

இரண்டு, காப்பீடு. அப்பாவின் கஞ்சிலுக்கு இழப்பீடு கேட்காத தள்ளுபடி 55 விழுக்காடு வரை ஏறியிருந்தது. புதுக் கார் என் பெயரில். அவர் தள்ளுபடி எனக்கு வராது. நான் சுழியத்திலிருந்து தொடங்கி, 25, 30, 38.33, 45 என்று ஏறித்தான் 55-ஐத் தொட வேண்டும். ஓட்டப் போகிறவர் பெயரைக் காப்பீட்டில் சேர்த்துவிடுங்கள். பெயர் இல்லாதவரோ, ‘பி’ லைசென்ஸ் உள்ளவரோ, 21 வயதுக்குக் குறைந்தவரோ ஓட்டி மோதிவிட்டால், இழப்பீட்டில் முதல் 400 வெள்ளியை நாமே ஏற்க வேண்டியிருக்கும்.

மூன்று, ஓட்டிப் பார்க்கப் போகும்போது அந்தக் காரில் அதிகம் உட்காரப் போகிறவரைக் கூட்டிப் போங்கள். குழந்தை இருக்கை வைப்பவர்கள் அந்த இருக்கையையே தூக்கிப் போங்கள். வயதானவர்களை ஏறி இறங்கச் சொல்லுங்கள். விற்பனையாளர் பொறுமையாகத்தான் இருப்பார். இல்லாவிட்டால் அடுத்த கூடத்துக்குப் போகலாம்.

பி

ஜூலையில் ஜே.பி.ஜே. தேர்வில் அம்மா தோற்றார். பக்கவாட்டில் நிறுத்தும்போது கம்பத்தில் இடித்துவிட்டார். இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் அப்பா வாசலில் நான்கு பூந்தொட்டிகளை வைத்து, கயிறு கட்டி, கஞ்சிலின் அளவுக்கு இடம் பிடித்திருந்தார். கார் ஓட்ட அல்ல. அம்மாவை நடக்கச் சொன்னார். “இங்க நில்லு. இப்ப ஸ்டீரிங் எந்தப் பக்கம்? இப்ப?” காரே இல்லாமல் ஒரு வாரம் அம்மா அந்தத் தொட்டிகளுக்கு நடுவில் பின்பக்கமாக நடந்தார். தெருவே சிரித்தது. ஆகஸ்டில் தேறிவிட்டார்.

கார் தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு வந்தது. வெள்ளை நிறம். அப்பா சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “சாவி போடற இடமே இல்லயே” என்றார். பொத்தானை அழுத்தினால் போதும் என்று காட்டினேன். பிறகு அவரே உள்ளே போய், சிவப்பில் வெள்ளை எழுத்து போட்ட ‘பி’ ஸ்டிக்கர் இரண்டை எடுத்து வந்தார். பின் கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த துணியால் துடைத்து, விரல் ரேகை படாமல் ஒட்டினார். முன்னால் ஒட்டும்போது சற்றுக் கோணலாகிவிட்டது. உரித்து மறுபடி ஒட்டினார். கஞ்சில் சாவியை ஆணியிலிருந்து எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, புதுச் சாவியை அங்கே மாட்டினார்.

கஞ்சிலை இன்னும் விற்கவில்லை. அதைப் பற்றி யாரும் பேசுவதுமில்லை.

திங்கள், புதன், வெள்ளி காலையில் நான் ஒலிபரப்பில் இருக்கும் நேரத்தில்தான் அவர்கள் சுங்கைப் பட்டாணிக்குக் கிளம்புகிறார்கள். இந்தக் காரில் வானொலி வேலை செய்கிறது. ஒரு நாள் பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது அப்பாவிடமிருந்து குரல் செய்தி வந்தது. ஒலிவாங்கியை அணைத்துவிட்டுக் கேட்டேன்.

“பாப்பா, நீ போட்ட பாட்டு மூனு முடிஞ்சிருச்சு. உங்கம்மா இன்னும் முத சிக்னலயே தாண்டல.”

பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. “சும்மா இருங்க. பச்ச விழட்டும்.”